மடியிலே ஒரு கைத்துப்பாக்கி



சென்ற மாரி காலத்திலே ஒரு நாள், மஃரிபுத் தொழுகை முடிந்து நான் வீட்டு விறாந்தையில் அமர்ந்திருந்தபொழுது, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் வந்து சேர்ந்தார். இப்பொழுது கல்முனைக் கடைத்தெருவிலே புடைவை வணிகம் செய்கிறார். மூன்று குழந்தைகளுக்குத் தந்தை. கதிரையின் நுனியில் அமர்ந்தவர், சிறிது நேரம் தயங்கிவிட்டு, "சேர், பாதுகாப்பு அமைச்சுக்கு மனு ஒண்டு எழுதித் தரணும்" என்றார்.

"எதற்கு மகன்?" என்று கேட்டேன்.

"சின்னத் துவக்கு ஒண்டுக்கு சேர். பெரிசு வேணாம். சட்டைக்குள்ள வெச்சா வெளியில தெரியாத சைஸ் போதும்."

நடந்தது இதுதான். பெருநாள் வியாபாரக் காலத்தில், ஓர் இரவு கடையைப் பூட்டிக்கொண்டு, அன்றைய வரும்படியை இடுப்பு வாரிலே கட்டிக்கொண்டு அவர் வீடு திரும்பியிருக்கிறார். விளக்கை அணைத்த மோட்டார் சைக்கிள் ஒன்று இரண்டு பேருடன் அவரைப் பின்தொடர்ந்து, அவருடைய ஒழுங்கை வரை வந்து, படலையைத் திறந்ததும் திரும்பிப் போய்விட்டது. பணம் பறிபோகவில்லை, ஓர் அடிகூட விழவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவருக்கு உறக்கம் போய்விட்டது. எவரோ ஒருவர், சிறிய கைத்துப்பாக்கி ஒன்று மடியில் இருந்தால் இந்த அச்சமெல்லாம் தீர்ந்துவிடும் என்று அவரிடம் கூறியிருக்கிறார்.

மனு எழுதுவது எனக்குப் பழகிய தொழில். அதிபராக இருப்பவன் ஊராருக்கும் எழுதுவினைஞன் அன்றோ! எனினும் அன்றிரவு நான் பேனாவை எடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து வரும்படி சொல்லி அனுப்பிவிட்டு, இந்தச் சிறு துப்பாக்கியைப் பற்றி ஆராயத் தொடங்கினேன். அவருக்கு அப்பொழுது கூறியவற்றையே இன்று உங்களுக்கும் கூறலாமென எண்ணுகிறேன்.

முதலில் 'சிறிது' என்பதன் பொருள் என்ன? துப்பாக்கிக்கு அளவு கூறும்பொழுது பெரும்பாலும் குழலின் உட்துளை விட்டத்தையே கூறுவர். புள்ளி 22 என்றால் ஓர் அங்குலத்தின் நூறில் 22 பங்கு, அதாவது ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீற்றர். புள்ளி 25 என்பது 6.35 மில்லிமீற்றர்; புள்ளி 32 என்று வழங்குவது 7.65 மில்லிமீற்றர். இவையே சிறு விட்டத் துப்பாக்கிகள் எனப்படுவன. நமது வயற்புறங்களிலே பன்றிக்கும் யானைக்கும் வெடி வைக்கும் பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு வேறு கணக்கிலே பெயர் பெற்றது. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சமமான உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று எந்தக் குழலுக்குள் அடங்குமோ அந்தக் குழலே பன்னிரண்டாம் இலக்கம்.

சட்டைப் பைக்குள் அடங்கும் துப்பாக்கியைப் பெருவழக்காக்கியவர் ஜோன் பிரௌனிங் என்னும் அமெரிக்கர். அவர் வகுத்த அமைப்புகளைப் பெல்ஜியத்தில் லியேஜ் நகருக்கு அருகேயுள்ள எர்ஸ்தால் என்ற ஊரின் தொழிற்சாலை செய்து விற்றது. 1900ஆம் ஆண்டில் 7.65 மில்லிமீற்றர் பிஸ்டல் வந்தது. சில ஆண்டுகளில் அதனினும் சிறிய 6.35 மில்லிமீற்றர் பிஸ்டல் வந்தது. இந்த இரண்டாவது, பாடசாலைப் பிள்ளையின் அடிமட்டத்தின் நீளம்கூட இல்லை. நிறையும் அரைக் கிலோவுக்குக் குறைவு. அக்காலத்து ஐரோப்பியக் கனவான்கள் கடிகாரம் வைக்கும் பையிலே அதையும் இட்டுக்கொண்டு உலாவினர்.

இதன் நன்மைகள் உண்மையானவை. அவற்றை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது. பாரம் குறைவு, ஆதலால் உடையவர் அதை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போகமாட்டார். வெடிக்கும்பொழுது கையைப் பின்னுக்குத் தள்ளும் உதைப்பு மிகக் குறைவு. பெரிய துப்பாக்கியைச் சுடும் பழக்கமில்லாதவர், அந்த உதைப்புக்கு அஞ்சி, விசையை இழுக்கும் கணத்திலேயே கண்ணை மூடிக் கையை ஆட்டிவிடுவதுண்டு. சிறியதிலே அந்தத் தொல்லை இல்லை. முதியோருக்கும் கைவலு குறைந்தோருக்கும் இது கையாள எளிது. 2012 டிசம்பரில் தில்லியிலே ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின், இந்திய அரசின் படைக்கலத் தொழிற்சாலை 2014இல் 'நிர்பீக்' என்னும் பெயரில், பெண்களுக்கென்றே கூறி ஒரு ரிவோல்வரை விற்பனைக்கு விட்டபொழுது, தெரிந்தெடுத்ததும் இந்தப் புள்ளி 32 விட்டத்தையே. நிறை ஏறத்தாழ அரைக் கிலோ. விலையோ ஓர் இலட்சத்து இருபதினாயிரம் இந்திய ரூபாவுக்கு மேல். யாருடைய அச்சத்தைப் போக்க அது செய்யப்பட்டதோ, அந்தப் பேருந்தில் ஏறும் ஏழைப் பெண் அதை எங்ஙனம் வாங்குவாள் என்று அப்பொழுதே பலர் கேட்டனர். நியாயமான கேள்வி.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். சன்னம் ஒன்றின் வலு அதன் நிறையையும் வேகத்தையும் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் வலு நான்கு மடங்காகும் என்பதை விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் அறிவர். 6.35 மில்லிமீற்றர் சன்னம் ஏறத்தாழ மூன்று கிராம். குழலை விட்டு நீங்கும்போது அதன் சக்தி ஏறத்தாழ 90 ஜூல். புள்ளி 22 அதற்குச் சற்று மேல். புள்ளி 32 அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பொலிசாரும் படையினரும் உலகெங்கும் கொண்டு செல்லும் 9 மில்லிமீற்றர் பிஸ்டலோ ஐந்து மடங்குக்கு மேல். வயற்காவலுக்குரிய பன்னிரண்டாம் இலக்கத் துவக்கை ஒப்பிட்டால் இருபது மடங்கையும் தாண்டும்.

"அப்படியானால் சின்னத் துவக்கால் ஆளுக்கு ஒன்றும் ஆகாதா?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் பலரும் தடுமாறுகின்றனர். கொல்லுவது வேறு, தடுப்பது வேறு. 1981 மார்ச் 30ஆம் திகதி, அமெரிக்க ஜனாதிபதி ரேகன் வாஷிங்டனில் ஒரு விடுதியின் வாயிலிலே சுடப்பட்டார். சுட்டவன் கையிலிருந்தது புள்ளி 22 ரிவோல்வர். இரண்டு விநாடிக்குள் ஆறு வெடிகள். ஒரு சன்னம் மோட்டார் வண்டியிலே பட்டுத் தெறித்து ஜனாதிபதியின் விலாவுக்குள் புகுந்து, நுரையீரலைத் துளைத்து, இதயத்துக்கு ஓர் அங்குல அளவு தூரத்திலே நின்றது. தாம் சுடப்பட்டதையே அவர் முதலில் உணரவில்லை. வைத்தியசாலைக்குள் தம் கால்களாலேயே நடந்து சென்று, உள்ளே போனபின்னரே தளர்ந்து விழுந்தார். மற்றொரு சன்னம் அவருடைய ஊடகச் செயலாளரின் தலையில் பாய்ந்தது; அவர் ஆயுள் முழுதும் ஊனமுற்று வாழ்ந்து 2014இல் இறந்தார்.

தமிழ் நேயர்களுக்கு இதனினும் நன்கு தெரிந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1967 ஜனவரி 12ஆம் திகதி இராமாவரம் தோட்டத்து வீட்டிலே எம். ஜி. இராமச்சந்திரனை நடிகர் எம். ஆர். ராதா கைத்துப்பாக்கியால் சுட்டார், தம்மையும் சுட்டுக்கொண்டார். மிக அண்மையிலிருந்து சுட்டும் இருவரும் பிழைத்தனர். கழுத்திலே கட்டுடன் எம். ஜி. ஆர். அமர்ந்திருக்கும் படம் அந்த ஆண்டுத் தேர்தலில் தமிழகச் சுவரெங்கும் ஒட்டப்பட்டது. அவருடைய குரல் மட்டும் பழையபடி திரும்பவே இல்லை.

என் மாணவருடைய ஒழுங்கைக்கு இந்தக் கதையைக் கொண்டு வாருங்கள். கத்தியோடு பாய்கிறவனை நோக்கி அவர் சிறு துப்பாக்கியால் சுடுகிறார். படுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அவன் அந்தக் கணத்திலே விழுந்துவிடுவான் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. தான் சுடப்பட்டதை அறியாமலே வந்து குத்தியும் விடலாம். பின்பு இரண்டு நாள் கழித்து வைத்தியசாலையிலே அவன் இறந்தும் போகலாம். காப்பாற்ற வேண்டிய நேரத்தில் காப்பாற்றாமல், கொலைப்பழியை மட்டும் கொண்டு வந்து சேர்க்கும் ஆயுதமாக அது முடியக்கூடும். சுட்டால் படும் என்பதும் எளிதில் கொள்ளத்தக்கதன்று. நியூயோர்க் நகரப் பொலிசாரின் பல ஆண்டுப் பதிவுகளை ராண்ட் ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து கண்டது யாதெனில், எதிராளியும் சுடும் மோதல்களில் பொலிசார் சுட்ட நூறு வெடிகளில் ஏறத்தாழ பதினெட்டே இலக்கைத் தொட்டன என்பதாகும். அவர்கள் பயிற்சி பெற்றவர்கள். நமது முதலாளியோ முழக்கோலும் கத்தரிக்கோலும் பிடித்துப் பழகியவர்.

மறைத்து வைப்பதைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். மறைவு யாருக்கு உதவுகிறது? சரித்திரத்தைப் புரட்டினேன். 1911 ஜூன் 17ஆம் திகதி மணியாச்சிப் புகையிரத நிலையத்திலே கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் கையிலிருந்தது, மேலே சொன்ன பெல்ஜியத்துப் பிரௌனிங். 1948 ஜனவரி 30ஆம் திகதி மகாத்மாவைச் சுட்ட கோட்சேயிடம் இருந்தது இத்தாலியப் பெரெட்டா; சட்டைப் பைக்குள் அடங்குவது. 1959 செப்டெம்பர் 25ஆம் திகதி பிரதமர் பண்டாரநாயக்காவைக் காண ரொஸ்மீட் பிளேஸ் இல்லத்து விறாந்தையில் காத்திருந்த சோமராம தேரர், தமது காவியுடைக்குள்ளே ரிவோல்வரை மறைத்து வைத்திருந்தார். 2025 பெப்ரவரி 19ஆம் திகதி கொழும்புப் புதுக்கடை நீதிமன்றத்திலே, சட்டத்தரணியின் உடையில் வந்த ஒருவன், சட்டப்புத்தகம் ஒன்றின் தாள்களைக் குடைந்து அதற்குள் ரிவோல்வரைக் கொண்டு வந்து, கூண்டில் நின்ற சந்தேகநபரைச் சுட்டுக் கொன்றான். இவர்களுடைய நோக்கங்கள் வெவ்வேறு. அவற்றை நான் ஒப்பிட வரவில்லை. ஆனால் ஒன்று பொது. இவர்கள் அனைவரும் தாக்கியவர்கள். நேரத்தையும் இடத்தையும் தாமே தெரிந்துகொண்டவர்கள். மறைவு அவர்களுக்கே பயன்பட்டது.

தற்காத்துக்கொள்பவருக்கோ நேரத்தைத் தெரியும் உரிமை இல்லை. அவர் திடுக்கிட்ட பின்னரே கையை மடிக்குக் கொண்டுபோக வேண்டும். டெனிஸ் டூலர் என்னும் அமெரிக்கப் பொலிஸ் பயிற்சியாளர் 1983இல் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு ஓடிவரும் ஒருவன் 21 அடி தூரத்தை ஒன்றரை விநாடியிலே கடந்துவிடுவான் என்றும், உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடுவதற்குப் பயின்றவனுக்கே ஏறத்தாழ அவ்வளவு நேரம் செல்லும் என்றும் அதிலே காட்டினார். அது இடுப்பின் வெளிப்புறத்து உறை. நம்மவருக்கோ சட்டையைத் தூக்கி, வாரைத் தளர்த்தி, சாறன் மடிப்புக்குள்ளே தேடவேண்டும். ஒழுங்கையின் அகலம் பத்தடி இருந்தாலே பெரிது.

இன்னுமொரு சிறு சங்கடம். அவர் ஐந்து நேரமும் பள்ளிக்குச் செல்பவர். தோளோடு தோள் உரசி நிற்கும் வரிசையிலே, ருகூவுக்குக் குனிந்து சுஜூதிலே நெற்றியை வைக்கும்பொழுது, தோட்டா ஏற்றிய ஆயுதம் எங்கே இருக்கும்? வாசலில் செருப்போடு கழற்றி வைப்பதா? இதைக் கேட்டபொழுது அவரே சிரித்துவிட்டார்.

ஆயினும் துப்பாக்கியை விரும்புவது பேதைமை என்று கூற எனக்கு வாய் எழாது. இந்தக் கரையிலே பிறந்தவன் அப்படிப் பேச முடியாது. 1990 ஜூன் மாதத்திலே எனக்கு இருபது வயது. கல்முனையிலும் கிழக்கின் பிற நகரங்களிலும் பொலிஸ் நிலையங்களை விடுதலைப் புலிகள் சூழ்ந்துகொண்டதையும், சரணடைந்த பொலிசார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டதையும் அந்த மாதம் கண்டது. ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒன்பது நாள் சென்று ஏறாவூர். அக்காலத்தில் முஸ்லிம் ஊர்களிலே ஊர்காவல் படையினருக்குத் துவக்குகள் வழங்கப்பட்டன. ஊரின் எல்லையிலே இரவிரவாக விழித்திருந்த அந்த வாலிபர்களை நம்பியே எங்கள் தாய்மார் கண்ணயர்ந்தனர். அந்தத் துவக்குகளிற் சில தவறான வழியிலே திரும்பியதும் உண்டு. அந்த இரவுகளின் கதைகள் தமிழ் ஊர்களிலே இன்றும் சொல்லப்படுகின்றன. அதையும் நாம் மறக்கலாகாது. நான் இங்கே குறிப்பது, அது ஊர் அறிய, வெளிப்படையாக, பலர் கூடிக் காத்த காவல் என்பதே. ஒரு மனிதனின் சட்டைக்குள்ளே ஊரறியாமல் ஒளிந்திருக்கும் துப்பாக்கி அந்த இனத்தைச் சேர்ந்ததன்று.

2019 ஏப்ரல் 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதிலே நடந்ததையும் இவ்விடத்தில் நினைக்கிறேன். வாடகை வீட்டிலே வந்து தங்கியிருந்த அந்நியர்கள்மீது ஐயுற்று அதிகாரிகளுக்கு அறிவித்தவர்கள் ஊரவர்களே. அன்று அவர்களுக்கு உதவியது அயலாரின் கண்.

சட்டம் என்ன கூறுகிறது? நமது நாட்டிலே சுடுகலன்களை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரமின்றி எவ்வகைத் துப்பாக்கியையும் வைத்திருப்பது குற்றம். அனுமதி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். பயிர்க்காவலுக்குத் துவக்குக் கேட்பவர் மாவட்டச் செயலகத்தை நாடுவர். உயிர்க்காவலுக்குக் கைத்துப்பாக்கி கேட்பவர் பாதுகாப்பு அமைச்சுக்கு விண்ணப்பித்து, தமக்குள்ள ஆபத்து இன்னதென்று காட்ட வேண்டும். கிடைத்தால் என்றைக்கும் தம்முடையதே என்றும் எண்ணுவதற்கில்லை. தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட சுடுகலன்கள் அனைத்தையும் மீளாய்வுக்காக 2024 நவம்பர் 7ஆம் திகதிக்கு முன் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி அமைச்சு பணித்ததை நீங்கள் அறிவீர்கள்.

அனுமதி கிடைப்பது ஒன்று. சுடுவதற்கு உரிமை கிடைப்பது மற்றொன்று. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 89ஆம் பிரிவு தொடங்கி, தனியார் தற்காப்புரிமையை வகுத்துரைக்கிறது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் உண்டானால், தாக்குபவனுக்கு மரணம் விளைப்பது வரையும் அவ்வுரிமை நீளும். கொள்ளைக்கும், இரவிலே வீடு உடைப்பதற்கும் அது பொருந்தும். ஆனால் தற்காப்புக்குத் தேவையானதற்கு மேற்பட்ட தீங்கைச் செய்ய எவருக்கும் உரிமை இல்லை. பணப்பையைப் பறித்துக்கொண்டு முதுகைக் காட்டி ஓடுபவனைப் பின்னின்று சுட்டால், அச்சம் நீங்கிவிட்டது, கோபமே எஞ்சியது என்று நீதிமன்றம் கொள்ளக்கூடும். விளக்கை அணைத்துப் பின்தொடர்ந்து, ஒன்றும் செய்யாமல் திரும்பிப்போன அந்த இருவரை அன்று அவர் சுட்டிருந்தால், என்ன காரணம் கூறியிருப்பார்? அவர்கள் கள்வர்கள்தாம் என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது.

வீட்டைப் பற்றியும் கேட்டேன். 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, துப்பாக்கி உள்ள வீட்டிலே கொலை நேரும் அபாயம் அது இல்லாத வீட்டைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு என்று கண்டது. கொன்றவர்களிற் பெரும்பாலோர் குடும்பத்தாரோ அறிமுகமானவரோ ஆவர். அந்த நாட்டிலேயே இதை மறுத்து வாதாடுவோர் உளர். துப்பாக்கியைக் காட்டியதாலேயே தப்பியவர்கள் கணக்கிலே வருவதில்லை என்பது அவர்கள் வாதம். அதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் என் மாணவரின் இளைய மகனுக்கு ஐந்து வயது. 6.35 மில்லிமீற்றர் பிஸ்டல் ஐந்து வயதுப் பிள்ளையின் கைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கும். உதைப்பில்லை, பாரமில்லை என்று நாம் மேலே புகழ்ந்த குணங்களெல்லாம் அந்தக் கைக்கும் உதவும். ஏற்றிய துப்பாக்கியைத் தலையணைக்கு அடியிலே வைத்தால் பிள்ளைக்கு எட்டும். தோட்டாவை நீக்கி அலுமாரியிலே பூட்டினால் கள்வன் வரும்போது தகப்பனுக்கு எட்டாது. இந்த முடிச்சை அவிழ்க்கும் வழி எனக்குத் தெரியவில்லை.

கடலோர ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று. உப்புக்காற்று ஒரு மாரியிலே படலைப் பிணைச்சலைத் தின்றுவிடுகிறது. மடியிலே வியர்வையோடு கிடக்கும் சிறு துப்பாக்கியின் நுண்ணிய உறுப்புகளை நாள்தோறும் துடைத்து எண்ணெயிடாவிட்டால், வேண்டிய நேரத்திலே அது இறுகி நிற்கும். புள்ளி 22 தோட்டாவிலே தீப்பற்றும் மருந்து அடிவிளிம்பைச் சுற்றிப் பூசப்பட்டிருப்பதால், நடுவிலே மருந்து வைத்த மற்றத் தோட்டாக்களைவிட அது வெடியாமல் ஏமாற்றுவதும் கூடுதல்.

ஒரு வாரம் கழித்து அவர் வந்தார். இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நான் என்ன செய்யணும் சேர்?" என்றார். மனு எழுதினோம், கைத்துப்பாக்கிக்கன்று. ஒழுங்கையின் முகப்பிலுள்ள கம்பத்திலே எரியாமல் கிடந்த மின்விளக்கை மாற்றித் தரும்படி ஒன்று. இரவு எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையே அந்தத் தெருவிலே ரோந்து வரும்படி பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு மற்றொன்று; அதிலே பக்கத்துக் கடைக்காரர் ஒன்பது பேர் கையொப்பமிட்டனர். வரும்படியை அஸருக்கு முன்னரே வங்கியிலே கட்டிவிடுவதென்றும், இரவிலே இரண்டு மூன்று பேராகக் கடை பூட்டிச் சேர்ந்து போவதென்றும் அவர்கள் தமக்குள்ளே பேசிக்கொண்டனர். விளக்கு மட்டும் இன்னும் வரவில்லை. நினைவூட்டல் கடிதம் ஒன்றைச் சென்ற கிழமைதான் எழுதிக் கொடுத்தேன்.